குளக்கரைச் சிற்றுயிர்களும் மலையக மக்களும்: ஊவாவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

இலங்கை மலையக மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் நிலத்திலிருந்தே தொடங்கினர். காடழிப்பு, கோப்பி, தேயிலை, கங்காணி முறை, கூலிப் போராட்டம், குடியுரிமைப் பறிப்பு என அவ்வரலாறு விரிவடைகின்றது. நிலத்தின் மீதான உடைமையே உற்பத்தி உறவுகளை நிருணயித்தது என்ற வகையில் இவ்வணுகுமுறை பொருத்தமானதே. எனினும், அம்மக்கள் மலையில் மண்வெட்டியைக் கையிலெடுப்பதற்கு முன்னர் வழிநெடுகவுள்ள குளங்களில் நீர் அருந்த வேண்டியிருந்தது. அந்நீரில் வாழ்ந்தவை எவை, அவை எப்பருவத்திற் பெருகின, அதே பருவத்தில் அக்கரைக்கு மனிதர் ஏன் வந்து சேர்ந்தனர் ஆகிய வினாக்கள் ஒருங்கே எழுப்பப்பட்டமை அரிது. வரலாற்றாசிரியர் இவற்றை விலங்கியலுக்குரியனவென விட்டார். விலங்கியலாளர் வரலாற்றுக்குரியனவென விட்டார். இவ்விரு துறைகளுக்கும் இடையே கைவிடப்பட்ட இடத்திலேதான் பல்லாயிரம் மக்களின் மரணம் கிடக்கின்றது.

ஈண்டு நாம் எடுத்துக்கொள்வன நன்னீரில் வாழும் சிறிய ஓட்டுடலிகள். நண்டுக்கும் இறாலுக்கும் இவை உறவினம். ஆனால் இவற்றுட் பல ஒரு மில்லிமீற்றர் அளவைத் தாண்டுவதில்லை. ஒற்றைக் கண்ணும், பெண்ணுயிரின் பின்புறத்தில் இரு முட்டைப் பைகளும் கொண்ட சைக்கிளொப்ஸ். அதனையொத்துத் துடுப்புப் போன்ற கால்களால் நீந்தும் ஏனைய கொப்பெப்பொட்கள். தத்தித் தத்திச் செல்லும் தப்னியா இனத்தவை. இரு சிப்பிகளுக்குள் அடங்கியது போலத் தோன்றும் ஒஸ்திரக்கோட்கள் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. ஒரு செம்பு குளத்துநீரை வெயிலிற் பிடித்துப் பார்ப்பவருக்கு இவை அசையும் வெண்புள்ளிகளாகத் தென்படும். தமிழ் இலக்கியம் இவற்றின் பெரிய உறவினரை நன்கறிந்திருந்தது. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் வயல் நண்டை முன்னிறுத்திக் ‘கள்வன் பத்து’ என ஒரு பகுதியே அமைந்துள்ளமை இதற்குச் சான்று. கண்ணுக்குப் புலப்படும் நண்டு இலக்கியத்திற் புகுந்தது. செம்புநீரிற் புள்ளியாக அசைந்த அதன் உறவினம் மக்களின் உடலோடு கொண்ட தொடர்பு பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை அறியப்படாதிருந்தது.

2

இவ்வுயிர்களின் குடித்தொகை எவ்வாறு ஏறி இறங்குகின்றது என்பதைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்ளல் நமது பொருளுக்கு இன்றியமையாதது. குளிர்நாட்டு ஏரிகளில் வெப்பநிலையே இவற்றின் பருவத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. இளவேனிலிற் பெருகிக் குளிர்காலத்தில் அருகுகின்றன. இலங்கை போன்ற வெப்பநாட்டில் ஆண்டு முழுவதும் நீர் இனப்பெருக்கத்துக்கு ஏற்ற சூட்டிலேயே இருப்பதால் மழை, நீர்மட்டம், உணவு, மீன்களின் வேட்டை ஆகியவையே ஏற்ற இறக்கத்தை நிருணயிக்கின்றன. சைக்கிளொப்ஸ் முட்டையிலிருந்து வெளிப்பட்டுப் பலமுறை தோலுரித்து வளர்ந்து, சில வாரங்களுள் தானும் முட்டை தாங்குகின்றது. தப்னியா இனத்தவை வாய்ப்பான காலத்தில் ஆணின் துணையின்றியே பெண்களை ஈன்று பெருகும். நெருக்கடி நேர்கையில் ஆண்கள் தோன்றும். கடினமான உறையுள் அடங்கிய முட்டைகள் இடப்படும். குளம் வற்றிய பின்னரும் இம்முட்டைகள் சேற்றிற் கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

குளத்தின் ஆழமற்ற கரைப்பகுதி இவற்றுக்குச் சிறந்த வாழிடமாகும். நீர்த்தாவரங்கள் அங்கு உணவையும் மறைவிடத்தையும் தருகின்றன. கோடையில் நீர்ப்பரப்புச் சுருங்கும்போது, தாவரப் புகலிடத்தை விட்டு நீரோடு பின்வாங்கிய உயிர்கள் எஞ்சிய சிறு நீரில் நெருங்கித் திரள்கின்றன. எனவே ஒரு குடம் நீருக்குள் அகப்படும் உயிர்களின் தொகை, குளம் நிரம்பியிருக்கும் காலத்திலும் குளம் வற்றும் காலத்திற் பன்மடங்காகக் கூடலாம். இச்செய்தியை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும். பின்வரும் வாதம் இதன்மீதே கட்டப்படுகின்றது.

இன்னொரு செய்தியும் உண்டு. இலங்கையின் நன்னீர் உயிரினங்களைப் பல்லாண்டு ஆராய்ந்த சி. எச். பெர்னாண்டோ, ஆற்று வெள்ளச் சமவெளிகளில் அமையும் வில்லுகளைத் தவிர இந்நாட்டில் இயற்கை ஏரிகள் இல்லையென்பதை வலியுறுத்தினார். நாம் ஏரியென்றும் குளமென்றும் வழங்குபவை யாவும் மனிதர் அணைகட்டித் தேக்கியவை. ஊவாவின் மகியங்கனைப் பகுதியிலுள்ள பழைய சொரபொர வாவியும், 1873இல் ஆளுநர் கிறெகரியின் காலத்தில் நுவரெலியாவிற் சதுப்பு நிலத்தைத் தேக்கி அமைத்த கிறெகரி வாவியும், மகாவலித் திட்டத்தின் ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களும் ஒருவகையில் ஒன்றே: அவற்றின் கரையாழம் உழைப்பின் விளைவு. உழைப்பினால் ஆக்கப்பட்ட வாழிடத்தில் வாழும் சிற்றுயிரின் குடித்தொகை வரலாற்றுக்குப் புறம்பானதாக இருத்தல் இயலாது. குளத்தைக் கட்டியவர், கட்டுவித்தவர், அணை உடைந்தபோது திருத்தாது விட்டவர் ஆகியோரின் வரலாறு அந்நீரின் உயிரியலிலும் பதிவாகியுள்ளது.

3

பதுளை மாவட்டத்துக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பலர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காடுகளினூடாக மாத்தளைக்கு நடந்தனர். ‘வடபாதை’ என வரலாற்றில் அறியப்படுவது இதுவே. மாத்தளையோடு ஏனையோரின் நடை பெரும்பகுதி முடிந்தது. ஊவாவுக்குச் செல்வோர்க்கோ அங்கிருந்து கண்டி, நுவரெலியா, வெலிமடை வழியாக மேலும் பலநாள் மலைநடை எஞ்சியிருந்தது. புகையிரதம் கண்டியை 1867இலும், நானுஓயாவை 1885இலும், அப்புத்தளையை 1893இலும், பண்டாரவளையை 1894இலும், பதுளையை 1924இலும் அடைந்தது. ஆகவே ஊவாத் தொழிலாளியே நெடுங்காலம் கால்நடையை நம்பியிருந்தவன். வழிநீரை மிகுதியாகக் குடித்தவனும் அவனே.

அவர்கள் எப்பருவத்தில் நடந்தனர் என்பது இங்கு முக்கியமானது. கோப்பிப்பழம் பறிக்கும் காலம் ஆண்டின் பிற்பகுதியில் வரும். அதற்கு முன் ஆட்களைத் தோட்டத்திற் சேர்க்க வேண்டியிருந்தமையாற் பெருந்தொகையினர் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்தே புறப்பட்டனர். வடபுலத்தில் வைகாசி முதல் புரட்டாதி வரை கடுங்கோடை. மாரிமழை ஐப்பசியில்தான் வலுக்கும். மன்னாரின் பெரிய நீர்நிலையான கட்டுக்கரைக்குளம் அக்காலத்திற் சீர்குலைந்து கிடந்தது. அதன் மீளமைப்பு அந்நூற்றாண்டின் இறுதியிலேயே கைகூடியது. வழியிலிருந்த சிறு குளங்கள் பல சேற்றுக் குட்டைகளாகச் சுருங்கியிருந்தன. இவ்வாறு, சிற்றுயிர்களின் குடித்தொகையும் மனிதரின் குடித்தொகையும் ஒரே வேளையில், ஒரே குட்டையின் கரையில் நெருங்கித் திரண்டன. முன்னதைச் செய்தது கோடை. பின்னதைச் செய்தது இலண்டன் சந்தைக்குரிய கோப்பியின் பருவம்.

இப்பாதையில் மடிந்தோர் தொகைபற்றி அக்காலத்திலேயே விவாதம் எழுந்தது. 1841 முதல் 1849 வரையான ஆண்டுகளில் 70,000 பேர், அதாவது வந்தோரில் நாலிலொரு பங்கினர், இறந்தனர் என ‘கொழும்பு ஒப்சேவர்’ ஏடு மதிப்பிட்டது. இத்தொகை மிகையானதா என்பதுபற்றிப் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் வாதிட்டுள்ளனர். மரணம் பெருந்தொகையினது என்பதையும், வாந்திபேதியாகிய கொலராவே அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பதையும் எவரும் மறுத்திலர். நிருவாகமும் துரைமாரும் இந்நோயைக் ‘கூலிகள் கொண்டுவருவது’ எனப் பேசினர். நோய் உடலில் வருகின்றது என்ற கருத்து அவர்களுக்கு வசதியானதாயிருந்தது. ஏனெனில் உடலைத் தடுத்து வைக்கலாம். நீரைத் தூய்மையாக்குவதென்றாற் பணம் செலவாகும். வழியிற் கிணறுகளும் தங்குமடங்களும் மருத்துவ நிலையங்களும் காலந்தாழ்த்தியும் அரைகுறையாகவுமே அமைந்தன. கங்காணி முற்பணம் கொடுத்து ஆட்களை அழைத்து வந்தான். வழிச்செலவு தொழிலாளியின் கணக்கிலேயே கடனாக ஏறியது. ஒருநாள் தங்கி நீரைக் காய்ச்சிக் குடிப்பதென்பது அக்கடனை ஒருநாளால் வளர்ப்பதாகும். இத்தகைய உறவுகளுக்குள் நின்றவருக்குக் குட்டையின் நீரைக் குடிப்பதும் குடியாதிருப்பதும் விருப்பத்தின்பாற் பட்டனவல்ல.

4

இதே காலத்தில் அறிவியல் என்ன செய்துகொண்டிருந்தது? ‘சூழலியல்’ என்ற துறைக்கு 1866இல் ஜேர்மன் மொழியிற் பெயர் சூட்டிய ஏர்ன்ஸ்ற் ஹெக்கல் 1881ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்தார். வெலிகமையிற் கடல் உயிர்களைச் சேகரித்த அவர், மலைநாட்டிலும் பயணஞ்செய்து ஊவாவின் எல்லையை அண்டிய ‘உலக முடிவு’ப் பாறைவரை சென்று அக்காட்சியை நூலில் விதந்தெழுதினார். 1886இல் ஜி. எஸ். பிறேடி என்பார், கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளர் ஹாலி சேகரித்தனுப்பிய நன்னீர் ஓட்டுடலிகளைப்பற்றி இலண்டன் லின்னேயன் சங்க ஏட்டில் எழுதினார். 1898இல் ஹங்கேரிய அறிஞர் டாடே இலங்கையின் நுண்ணிய நன்னீர் விலங்குகளை விவரித்தார். ஜேர்மானியரான அப்ஸ்ரைன் 1907இற் கொழும்பு வாவியின் பிளாந்தன்களையும் 1910இற் கிறெகரி வாவியின் பிளாந்தன்களையும் ஆராய்ந்து வெளியிட்டார். நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளைக்குச் செல்லும் வீதி கிறெகரி வாவியின் கரையோரமாகவே செல்கின்றது. அவ்வீதியால் நடந்து சென்றவர்கள் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. இடம்பெற வேண்டுமென அத்துறையின் அன்றைய எல்லை கோரவுமில்லை.

பிறேடியின் நிலை சிறப்பாக நோக்கத்தக்கது. அவர் தொழிலால் மருத்துவர். வட இங்கிலாந்தின் சண்டர்லாந்திற் பணிபுரிந்தவர். 1831இற் கொலரா பிரித்தானியாவுக்குள் முதன்முதலாகப் புகுந்த துறைமுகம் அந்நகரே. கொலராவின் நகரில் வாழ்ந்த மருத்துவர் ஒருவரின் மேசையில், கொலராப் பாதை கிடந்த நாட்டின் நன்னீர்ச் சிற்றுயிர்கள் கண்ணாடித் தட்டுகளிற் கிடந்தன. அவர் அவற்றுக்குப் பெயரிட்டார், வடிவங்களை வரைந்தார். இரண்டுக்கும் இடையே தொடர்பிருக்கலாம் என்ற எண்ணம் அன்று எவர்க்கும் எழவில்லை. அதற்கு ஈராண்டுகள் முன்னர், 1884இல், றொபேட் கொக் கல்கத்தாவிற் கொலரா பரவிய ஓரிடத்துக் குளநீரிலேயே அந்நோயின் கிருமியைக் கண்டிருந்தார். கிருமியியல் குளத்தினுட் கிருமியைக் கண்டது. விலங்கியல் குளத்தினுட் சிற்றுயிரைக் கண்டது. இரண்டும் ஒன்றையொன்று காண ஏறத்தாழ நூறாண்டுகள் சென்றன.

இத்தாமதத்துக்கு அறிவின் இயல்பான வளர்ச்சிப்போக்கு மட்டுமே காரணமா? ஊவாவே இதற்கு விடை தருகின்றது. 1869இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களிற் கோப்பியிலையில் துருப்போன்ற ஒரு நோய் காணப்பட்டது. அவ்வாண்டே பேராதனைப் பூங்காவின் வழியாக மாதிரிகள் இங்கிலாந்துக்குச் சென்றன; பேர்க்லி என்ற அறிஞர் அந்நோய்க்குரிய பூஞ்சணத்தை விவரித்துப் பெயரிட்டார். 1880இல் மாஷல் வோட் என்ற தாவரவியலாளர் அந்நோயை ஆராய்வதற்கென்றே இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஈராண்டுகள் பணிபுரிந்தார். இலை நோயுற்றபோது நுணுக்குக்காட்டி கடல்கடந்து வந்தது. மனிதர் நோயுற்றபோது 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமொன்று வந்தது. அதன் செலவை யார் ஏற்பது என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. ஆய்வுப்பொருளைத் தெரிவுசெய்யும் கை நடுநிலையானதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இலக்கியமும் இப்பிரிவினைக்கு விலக்காக அமையவில்லை. மடுல்சீமையில் இலைநோய் தோன்றிய அதே 1869இல் ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்தது. மலையகத்தின் முதல் அச்சு நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படும் அது, கோப்பிச் செய்கையைத் தோட்ட நிருவாகத்தின் கண்கொண்டு பாடியது. பாதையின் துயரைப் பாடியவை எழுதப்படாத வாய்மொழிப் பாடல்களே. அவற்றைச் சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தேடித் தொகுத்திராவிடின், மன்னாரிலிருந்து மலைக்கு நடந்தவரின் குரல் பெருமளவு அழிந்திருக்கும். அப்பாடல்களை நாம் துயரத்தின் வெளிப்பாடாக மட்டும் கற்று வந்துள்ளோம். எந்தப் பருவத்தில், எந்த வழியால், எந்த நீரைக் குடித்து நடந்தனர் என்பதற்கான சான்றுகளாகவும் அவற்றை இனிக் கற்றல் வேண்டும்.

5

பிரிந்திருந்த இரு அறிவுகளும் 1983இற் சந்தித்தன. வங்காளதேசத்து நீர்நிலைகளை ஆராய்ந்த அன்வர் ஹக், றீற்றா கொல்வெல் முதலியோர், கொலராக் கிருமி கொப்பெப்பொட்களின் ஓட்டிலும், சிறப்பாக வாய்ப்புறத்திலும் முட்டைப் பைகளிலும் ஒட்டிப் பெருகுவதைக் காட்டினர். ஓட்டுடலியின் மேலோட்டிலுள்ள கைற்றின் என்னும் பொருள் அக்கிருமிக்கு உணவாகவும் உறைவிடமாகவும் பயன்படுகின்றது. ஒரு சிற்றுயிரை விழுங்குபவர் அதனோடு ஆயிரக்கணக்கான கிருமிகளையும் விழுங்கக்கூடும். இதன் நடைமுறைப் பயன் 2003இல் வெளியாகியது. மத்லப் பகுதியின் 65 கிராமங்களில், ஏறத்தாழ 133,000 மக்களிடையே, குடிநீரைப் பழைய பருத்திச் சேலையாற் பல மடிப்பாக மடித்து வடிகட்டிப் பார்த்தனர். துவைத்துத் துவைத்து நைந்த சேலையின் இழைகள் தளர்ந்து பரவுவதால் இடைவெளிகள் சுருங்கின. நான்கு அடுக்குகளுக்கு மேல் மடித்தபோது 20 மைக்கிரோமீற்றரளவான வடியாகியது. சைக்கிளொப்ஸ் அதனூடாகச் செல்லாது. அவ்வாறு வடிகட்டிக் குடித்த ஊர்களிற் கொலரா 48 வீதத்தாற் குறைந்தது.

சேலையால் நீரை வடிப்பது புதுமையன்று. இலங்கையிற் பௌத்த துறவியின் எட்டுப் பரிக்காரங்களுள் நீர்வடியும் ஒன்று. சமணத் துறவியரும் நீரை வடித்தே அருந்தினர். நீரிலுள்ள சிற்றுயிர் கொல்லப்படலாகாது என்ற அறமே அவ்வழக்கத்தின் நோக்கம். அறக்கருத்தின் உருவில் ஒரு பொருளியல் உண்மை பல நூற்றாண்டுகள் பேணப்பட்டு வந்தமை வியக்கத்தக்கது. ஆயின் அவ்வடி துறவியின் கையில் இருந்தது. வன்னியூடாக நடந்த தொழிலாளியின் பயணத்திலோ அதற்கான நேரமும் கலமும் இருக்கவில்லை. சேலை இருந்தது. அதனை விரித்து வடிக்க வேண்டுமென்பதற்கான அறிவு அவர்களிடம் கொண்டுசெல்லப்படவில்லை.

நரம்புச் சிலந்தி எனத் தமிழ் மருத்துவம் வழங்கிய நோயின் வரலாறும் இதனை உறுதிப்படுத்துகின்றது. இந்நோயின் புழு சைக்கிளொப்ஸின் உடலினுள் வளர்கின்றது என்பதை 1870 அளவில் உருசிய அறிஞர் பெட்சென்கோ துருக்கிஸ்தானிற் கண்டார். சைக்கிளொப்ஸ் கலந்த நீரைக் குடித்தவரின் காலில் ஏறத்தாழ ஓராண்டின் பின் புழு வெளிப்படும். அவர் படிக்கிணற்றிலோ குளத்திலோ காலை வைத்தால் புழுவின் குஞ்சுகள் நீரிற் கலந்து மீண்டும் சைக்கிளொப்ஸைச் சேரும். தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் நிலவிய இந்நோயை ஒழிக்க இந்தியா 1983இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. படிக்கிணறுகளை மாற்றியமைத்தும் துணிவடிகளை வழங்கியும் அது செயற்பட்டது. 1996இல் இறுதி நோயாளி பதிவானார். 2000இல் இந்தியா நோயற்ற நாடெனச் சான்று பெற்றது. தடுப்பூசியோ சிறப்பு மருந்தோ இன்றி, குளக்கரைக்கும் மனிதருக்கும் இடையிலான உறவை மாற்றியதன் மூலமே இவ்வெற்றி ஈட்டப்பட்டது. அறிவு கிடைத்த 1870க்கும் செயல் தொடங்கிய 1983க்கும் இடையே நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. அக்கால இடைவெளியை விளக்கவல்லது உயிரியலன்று, அரசியற் பொருளாதாரமே.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் அவசியம். வங்கத்துக் கழிமுக நீரிற் பெறப்பட்ட முடிவை வன்னிக் குளங்கள் மீது அப்படியே ஏற்றிவைத்தல் இயந்திரப் பாங்கானதாகும். நோயுற்ற மனிதரின் கழிவு நீரில் நேரடியாகக் கலந்தாலே கொலரா பரவும். அதற்குச் சிற்றுயிரின் துணை கட்டாயமில்லை. தீமை முழுவதையும் சைக்கிளொப்ஸின் தலையிற் சுமத்துவோமாயின், நோய்க்கு இயற்கையைப் பொறுப்பாக்கித் தோட்ட முதலாளியத்தை விடுவித்தவராவோம். நாம் வலியுறுத்துவது ஒன்றே: சிற்றுயிரின் பெருக்கம் இயற்கையின் விதிகளுக்கு உட்பட்டது, அப்பெருக்கத்தின் நடுவே ஒரு வர்க்கம் கொண்டுவந்து நிறுத்தப்பட்டமை சமுதாயத்தின் விதிகளுக்கு உட்பட்டது. இரண்டையும் சேர்த்துக் காணாத விளக்கம் எதுவும் முழுமையுறாது.

6

மலையேறிய பின் நீரின் தன்மை மாறியது. ஊவாவின் சரிவுகளில் தொழிலாளர் அருந்தியது பெரும்பாலும் பீலித் தண்ணீர். ஊற்றிலிருந்து விரைந்திறங்கும் நீரில் சைக்கிளொப்ஸ் போன்றவை நிலைகொண்டு பெருகுதல் அரிது. கல்லிடுக்குகளைப் பற்றி வாழும் நன்னீர் இறால்களும் ஓடை நண்டுகளுமே அவ்வோடைகளுக்கு உரியன. அருள்பிரகாசமும் கொஸ்தாவும் 1962இல் இலங்கையின் நன்னீர் இறால்களை ஆராய்ந்து எழுதினர். 1970இல் ஒஸ்திரிய–இலங்கை நீருயிரியல் ஆய்வுக்குழு மலையோடைகளை விரிவாக ஆராய்ந்தது. இலங்கையின் நன்னீர் நண்டினங்கள் ஐம்பதளவிலானவை என்றும், ஏறத்தாழ அனைத்தும் உலகில் வேறெங்கும் இல்லாதவை என்றும் பின்வந்த ஆய்வுகள் நிறுவியுள்ளன. அவற்றுட் பல இன்று அழிவின் விளிம்பில் உள்ளன. மலைக்காடு தேயிலையானபோது ஓடையின் நிழலும் மண்ணும் நீரும் மாறியமை இதற்கொரு முதன்மைக் காரணம்.

ஓடுநீர் சைக்கிளொப்ஸைத் தடுத்தது உண்மையே. எனினும் பீலி தன் மேற்சரிவின் தூய்மையை விடத் தூய்மையாக இருத்தல் இயலாது. மலசலகூடமற்ற லயங்களை நிரை நிரையாகச் சரிவிற் கட்டிய தோட்டமுறை, வயிற்றுளைவையும் கொளுக்கிப்புழுவையும் தோட்டத்தின் நிரந்தர நோய்களாக்கியது. இயற்கை கொடுத்த பாதுகாப்பைச் சமுதாய அமைப்பு பறித்துக்கொண்டது. அவ்வாறே, 1894இற் புகையிரதம் பண்டாரவளையை எட்டியதும், 1914இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டதும் தொழிலாளரைக் குளக்குட்டைகளிலிருந்து மீட்டன. அது தேயிலையை விரைந்து துறைமுகத்துக்கு அனுப்புவதற்கும் ஆட்களைத் தடையின்றிப் பெறுவதற்குமென எடுத்த முயற்சியின் விளைவேயன்றி, நீரைக் குறித்த அக்கறையின் விளைவன்று. முதலாளியம் சில வேளைகளில் நன்மையையும் தன் கணக்கின் ஓரத்திலேயே செய்கின்றது.

இவ்வுறவுகள் பழங்கதையாகிவிடவில்லை. உமாஓயா பல்நோக்குத் திட்டத்தின் சுரங்கத்தில் 2014ஆம் ஆண்டின் இறுதியில் நிலத்தடி நீர் கசியத் தொடங்கியபின், பண்டாரவளையைச் சூழ்ந்த ஊர்களிற் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதியிலிறங்கினர். 2024 ஏப்ரலில் அத்திட்டம் திறந்துவைக்கப்பட்டது. வெலிமடைப் பகுதியின் புஹுல்பொலவிலும் பண்டாரவளைப் பகுதியின் டயரபாவிலும் புதிய நீர்த்தேக்கங்கள் தோன்றியுள்ளன. ஓடுநீர் தேங்குநீராகும்போது உயிரினங்களின் குடித்தொகையும் மாறும். புதிய நீர்த்தேக்கத்தில் மூழ்கிய மண்ணும் செடியும் முதலாண்டுகளில் ஊட்டத்தை வெளிவிடுவதால் சிற்றுயிர்கள் திடீரெனப் பெருகுதலும் பின்னர் அடங்குதலும் உலகெங்கும் காணப்பட்டவை. ஒருபுறம் ஊற்று வற்றுகின்றது. மறுபுறம் புதிய கரையாழம் பிறக்கின்றது. ஊற்றை இழந்தவர் எங்கிருந்து நீர் எடுக்கின்றார், அதனை எவ்வாறு வடிக்கின்றார் என்ற வினா, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் வன்னிக் குட்டையின் கரையில் எழுப்பப்பட்டிருக்க வேண்டிய அதே வினாவாகும்.

ஆகவே நமது பல்கலைக்கழகங்களில் இரு வேலைகள் காத்திருக்கின்றன. ஒன்று, ஊவாவின் ஓடைகளையும் நீர்த்தேக்கக் கரைகளையும் ஆண்டு முழுவதும் மாதந்தோறும் ஆராய்ந்து சிற்றுயிர்களின் ஏற்ற இறக்கத்தைப் பதிவுசெய்தல். மற்றையது, தோட்டங்களிலுள்ள முதியோரிடம் பீலி, கிணறு, குளம், நோய் ஆகியன பற்றிய வாய்மொழி மரபைத் திரட்டுதல். முன்னதை விலங்கியல் மாணவரும் பின்னதைத் தமிழ் மாணவரும் தனித்தனியே செய்தால் பழைய பிரிவினையே தொடரும். தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியரும் மாணவரும் இவ்விரண்டிலும் பங்குகொள்ளலாம். ஒரு துணிவடியும் ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியும் தொடக்கத்துக்குப் போதுமானவை. கோப்பியிலையின் நோயை அறிய 1880இற் கடல்கடந்து அறிஞர் வந்த நாட்டில், குடிநீரின் உயிர்களை அறியும் உரிமையை அந்நீரைக் குடிப்போரே கையிலெடுப்பதில் அறிவியலுக்கு இழப்பெதுவும் இல்லை. அறிவு யாருடைய தேவையிலிருந்து பிறக்கின்றது என்பதே அது யாருக்குப் பயன்படும் என்பதையும் பெரிதும் தீர்மானிக்கின்றது.